மோட்டார் ஹோம் பம்ப் ஏன் இப்படிக் கத்துகிறது?

கேள்வி: நாங்கள் பிராம்டனில் இருக்கிறோம். போன கோடையில் பழைய மோட்டார் ஹோம் ஒன்று வாங்கினோம். 26 அடி, ஃபோர்டு வண்டி. இந்த வருடம் விக்டோரியா தின விடுமுறைக்கு ஆல்கான்குவின் பூங்காவுக்குப் போனபோது தண்ணீர் பம்ப் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது. குழாயைத் திறந்தால் சாப்பாட்டு மேசை பெஞ்சுக்கு அடியிலிருந்து டர்ர்ர் என்று வண்டியே அதிர்கிறது. போன வருடமும் சத்தம் உண்டு, ஆனால் இவ்வளவு இல்லை. தண்ணீரும் துப்பித் துப்பி வருகிறது. போதாததற்கு, ராத்திரி யாரும் குழாயைத் தொடாதபோதே ஒரு விநாடி உறுமிவிட்டு நிற்கிறது. அரை மணி கழித்து மறுபடியும். மேசையை இறக்கிப் போட்ட படுக்கையில்தான் பிள்ளைகள் இருவரும் தூங்குகிறார்கள். மாமியார் ராத்திரி பாத்ரூம் போய் ஃப்ளஷ் செய்தால் இருவரும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மெக்கானிக் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று சொல்ல மாட்டேன். பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு எங்கே காற்று இழுக்கிறது, எங்கே கசிகிறது என்று தேட மணிக்கணக்கில் ஆகும், அந்த நேரத்துக்கு உங்களிடம்தான் கூலி வாங்க வேண்டும். புது பம்ப் போடுவது அரை மணி வேலை. ஆனால் அதே பெஞ்சில், அதே பைப்பில், அதே நான்கு திருகில் மாட்டினால் புது பம்பும் ஏறக்குறைய இதே சத்தம்தான் போடும். துப்புவதும் நிற்காது.

உங்கள் கடிதத்தில் இருப்பது மூன்று தனித்தனிப் புகார். வண்டி அதிர்வது ஒன்று, தண்ணீர் துப்புவது ஒன்று, ராத்திரி தானாக உறுமுவது ஒன்று. இதில் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது முதலாவது. எனக்குக் கவலை தருவது மூன்றாவது. ஆனால் சுலபமாகப் பிடிபடுவது இரண்டாவது என்பதால் அங்கிருந்து தொடங்குவோம்.

அதற்கு முன் பம்ப் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இது 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார். அதன் தலைப்பகுதியில் பெரும்பாலும் மூன்று அறைகள் இருக்கும். மோட்டார் சுற்றச் சுற்ற, ரப்பர் டயாஃப்ரம் ஒவ்வோர் அறையாக அமுக்கித் தண்ணீரைத் தள்ளும். அதனால் தண்ணீர் ஒரே சீராகப் போகாமல் துடித்துத் துடித்துப் போகும். தலையிலேயே ஒரு பிரஷர் சுவிட்ச் உண்டு. பைப்பில் அழுத்தம் சுமார் 40 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால் மோட்டார் ஓடும், 55 தொட்டால் நிற்கும். மாடலுக்கு மாடல் இந்த எண் கொஞ்சம் மாறும். தண்ணீரை அமுக்கிச் சேர்த்து வைக்க முடியாது என்பதால் அரை டம்ளர் பிடித்தாலே அழுத்தம் சட்டென்று இறங்கி மோட்டார் கிளம்பிவிடும். ஆகவே நல்ல பம்பும் சத்தம் போடும். நாம் தேடுவது போன வருடம் இல்லாமல் இந்த வருடம் வந்த சத்தத்தை.

போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் நடுவில் உங்கள் வண்டி ஒரு ஒன்டாரியோ குளிர்காலத்தைப் பார்த்திருக்கிறது. முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

டேங்கில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். சுவரில் எரியும் லைட்டை நம்ப வேண்டாம், பல வண்டிகளில் அது பொய் சொல்லும். டேங்க் நிறைந்திருந்தும் துப்பினால் பம்ப் எங்கோ காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் பக்கத்தில், பம்பை ஒட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதுதான் வடிகட்டி. உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் வரை பெருக்கும். இலையுதிர்காலத்தில் அந்தக் கிண்ணத்தில் ஒரு வாய்த் தண்ணீர் தங்கியிருந்தாலே போதும், மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருக்கும். இந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால் அந்த விரிசலில் தண்ணீர் ஒழுகாமலே இருக்கலாம். பம்ப் ஓடும்போது காற்று மட்டும் உள்ளே போகும். அதனால்தான் பலர் தடவிப் பார்த்துவிட்டு, ஈரமே இல்லையே, இங்கே கோளாறு இல்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

பார்க்கும் முறை எளிது. பிள்ளைகளில் ஒருவரைச் சமையல் குழாயில் நிறுத்துங்கள். நீங்கள் பெஞ்சைத் தூக்கிவிட்டு, டார்ச்சைக் கிண்ணத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். கிண்ணத்துக்குள் தண்ணீர் தெளிவாக ஓடினால் அதுவரை சரி. சோடா மாதிரி குமிழ் குமிழாக ஓடினால் காற்று கிண்ணத்திலோ அதற்கு முன்னாலோ நுழைகிறது.

அங்கேயே இன்னொன்றையும் பாருங்கள். குளிர்காலத்துக்கு முன், பைப் உறைந்து வெடிக்காமல் காக்கும் பிங்க் ஆன்டிஃப்ரீஸ் திரவத்தை ஏற்றுவதற்காக ஒரு மூன்று வழி வால்வும், அதிலிருந்து தொங்கும் குட்டி ஹோஸும் இருக்கும். இந்த வால்வு கால்வாசி திறந்து நின்றாலும், உள்ளே இருக்கும் வளையம் தேய்ந்திருந்தாலும், பம்ப் அந்த ஹோஸ் வழியாகக் காற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும். பம்ப் ஓடும்போது ஹோஸின் வாயைக் கட்டை விரலால் மூடிப் பாருங்கள். கோளாறு அங்கே என்றால் விரலை உள்ளே இழுப்பது தெரியும், குழாயில் துப்புவதும் நின்றுவிடும். வாடிக்கையாளர்கள் புது பம்ப் கேட்டு வரும்போது நான் முதலில் விரல் வைப்பது இந்த இடத்தில்தான். வால்வை முழுசாகத் திருப்பியும் இழுத்தால் ஹோஸ் முனைக்கு ஒரு மூடி போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது.

பிறகு பம்ப் சுவிட்சை அணைத்து, குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு, கிண்ணத்தைக் கழற்றுங்கள். டேங்க் பம்பை விட உயரத்தில் இருந்தால் தண்ணீர் கொட்டும், ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். சல்லடையில் வெள்ளைச் சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் சீவல் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தொழிற்சாலையில் டேங்குக்குத் துளை போட்டபோது உள்ளே விழுந்தது வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். சல்லடை அடைத்திருந்தாலும் பம்ப் மூச்சுத் திணறிக் கத்தும். கழுவி, ரப்பர் வளையத்தைத் துடைத்து, கையாலேயே மூடுங்கள். பக்கத்து இணைப்புகளையும் கையால்தான் இறுக்க வேண்டும். ஸ்பானர் போட்டால் பிளாஸ்டிக் மரை உடையும். வெள்ளை டேப்பும் சுற்ற வேண்டாம். அங்கே கசிவை அடைப்பது உள்ளே இருக்கும் வாஷர், மரை இல்லை. டேப் சுற்றினால் வாஷர் சரியாக உட்காராமல் புதுக் கசிவு வரும்.

அடுத்து ராத்திரி உறுமல். குழாய் எல்லாம் மூடியிருக்கும்போது பம்ப் ஓடினால், 55ல் நின்ற அழுத்தம் எங்கோ இறங்குகிறது. தண்ணீர் வண்டிக்குள்ளோ வெளியிலோ கசிகிறது, அல்லது பம்ப் வழியாகவே டேங்குக்குத் திரும்புகிறது. இரண்டாவது என்றால் தொல்லை மட்டும்தான். முதலாவது என்றால், அதுவும் உள்ளே என்றால், உங்கள் தரைப் பலகை சத்தமில்லாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. பழைய மோட்டார் ஹோம்களை மண்ணில் சேர்ப்பது எஞ்சினை விட இந்த ஈரம்தான். வெறுங்காலோடு டாய்லெட்டைச் சுற்றியும், சிங்குக்கு அடியிலும், பெஞ்சுக்கு முன்னாலும் அழுத்தி நடந்து பாருங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் பம்பை மறந்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

அமுங்கவில்லையா, நல்லது. டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒவ்வோர் இணைப்பின் கீழும் வைத்துவிட்டு, பம்பை ஓடவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கைக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் தெரியும். டாய்லெட்டின் பின்புறம், மிதியோடு சேர்ந்த வால்வு குளிரில் அடிக்கடி உடையும். தண்ணீர் பின்பக்கமாகவும் ஒழுகலாம், மெல்லிய கோடாகக் கோப்பைக்குள்ளேயும் இறங்கலாம். வெளியே ஷவர் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். ஷவர் கைப்பிடியில் மட்டும் மூடிவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் குழாயைத் திறந்தே விட்டிருப்பார்கள். வண்டிக்கு அடியில் தண்ணீரை வடிக்கும் இரண்டு குழாய்களின் மூடியையும் பாருங்கள். கேம்ப் மைதானத்து ஹோஸை மாட்டும் வெளி இணைப்பில் சொட்டினால் அங்கிருக்கும் ஒருவழி வால்வு குளிரில் போயிருக்கிறது, அதைத் தனியாக வாங்கி மாற்றலாம். வாட்டர் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு சூடாகும்போது மட்டும் நாலு சொட்டு விட்டால் அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்குமே ஈரம் இல்லை என்றால் பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வைச் சந்தேகப்படலாம். இதற்கு வீட்டு வாசலிலேயே சோதனை உண்டு. டேங்கைப் பாதி காலி செய்துவிட்டு, பம்பை அணைத்துவிட்டு, வீட்டுக் குழாயிலிருந்து ஹோஸை அந்த வெளி இணைப்பில் மாட்டுங்கள். நடுவில் பிரஷர் ரெகுலேட்டர் போட மறக்க வேண்டாம். வண்டிக் குழாய்களை மூடியே வையுங்கள். சில மணி நேரத்தில் டேங்கில் தண்ணீர் ஏறியிருந்தால், அது பம்ப் வழியாகப் பின்னோக்கித்தான் போயிருக்க வேண்டும். (டேங்க் நிரப்புவதற்கென்று தனி வால்வு உள்ள வண்டியானால் அதையும் மூடியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.) பெரும்பாலும் அதே பிளாஸ்டிக் சீவல் ஒன்று வால்வில் சிக்கியிருக்கும். தலைப்பகுதியின் திருகுகளைக் கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகலாம். இல்லாவிட்டால் சில மாடல்களுக்குத் தலைப்பகுதி மட்டும் தனியாகக் கிடைக்கிறது.

கண்டுபிடிக்கும் வரை படுக்கப் போகும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மாமியாருக்கு ஃப்ளஷ் செய்ய ஒரு வாளி தண்ணீரும் மக்கும் வைத்தால் போதும். நம் வீடுகளில் பாத்ரூமில் மக் இல்லாமலா இருக்கப்போகிறது? மிதியை மிதித்து ஒரு மக் ஊற்றினால் அந்த டாய்லெட்டுக்கு அதுவே தாராளம்.

இனி அதிர்வு. வீணையில் தந்தியை மட்டும் மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது, குடம் சேர்ந்தால்தான் நாதம். உங்கள் பம்புக்கு அந்தப் பெஞ்ச்தான் குடம். மெல்லிய ப்ளைவுட், உள்ளே வெற்றிடம், மேலே பிள்ளைகள். சோதித்துப் பார்க்கத் திருப்புளி ஒன்று போதும். பம்பைப் பிடித்திருக்கும் நான்கு திருகையும் கழற்றி, ஹோஸ்களைக் கழற்றாமலே பம்பைத் தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். சத்தம் பாதியாகக் குறைந்தால் உங்கள் பிரச்சினை பம்பில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

பம்புக்கு அடியில் ரப்பர் கால்கள் உண்டு. திருகை இறுக்கினால் ஆடாது என்று நினைத்து நன்றாக முறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் நசுங்கித் தட்டையானால் அதிர்வு முழுவதும் பலகைக்கு இறங்கும். ரப்பர் கொஞ்சம் பிதுங்கும் அளவுக்கு மட்டும் திருகினால் போதும். அதோடு, பெஞ்சின் பக்கச் சுவரில் மாட்டியிருந்தால் தரைக்கு மாற்றுங்கள். முக்கால் அங்குல ப்ளைவுட் துண்டு ஒன்றில் பம்பைத் திருகி, அதற்கு அடியில் கனமான ரப்பர் மேட் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். ஸ்பாஞ்சையோ போர்வையையோ பம்பைச் சுற்றிக் கட்ட வேண்டாம். மோட்டார் சூடாகும், சூடு அதிகமானால் பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்திவிடும். சோப்புத் தலையோடு ஷவரில் நிற்பவர்தான் பாவம்.

கையில் தூக்கியும் சத்தம் குறையவில்லை என்றால் பைப்பைப் பாருங்கள். பல வண்டிகளில் பெக்ஸ் என்ற விறைப்பான பிளாஸ்டிக் பைப்பை நேராகப் பம்பில் கொண்டுவந்து மாட்டிவிடுகிறார்கள். அந்தத் துடிப்பு பைப் வழியாக வண்டி முழுவதும் போகும். பம்பின் இரண்டு பக்கமும் குறைந்தது 45 சென்டிமீட்டர் வளையும் ஹோஸ் இருக்க வேண்டும், அதை இழுத்து நேராக மாட்டாமல் தளர்வாக வளைத்து விட வேண்டும். டேங்க் பக்கம் போடும் ஹோஸ் அரை அங்குலத்துக்குக் குறையாமல், உள்ளே நூல் பின்னியதாக இருக்கட்டும். சாதா ஹோஸ் போட்டால் உறிஞ்சும்போது சப்பையாகிவிடும். என்னைக் கேட்டால் இந்த வேலைக்குச் செலவழிக்கும் காசு புது பம்புக்குச் செலவழிப்பதை விடப் பல மடங்கு பலன் தரும். கடைசியாக, பம்ப் ஓடும்போது பைப்பை அங்கங்கே கையால் பிடித்துக்கொண்டே போங்கள். பிடித்ததும் சத்தம் மாறும் இடத்தில் பைப் ஏதோ ஒரு பலகையில் தட்டுகிறது. அங்கே பைப்புக்குப் போடும் நுரை உறையை வெட்டிச் செருகுங்கள்.

பலரும் கேட்கும் அக்யுமுலேட்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது உள்ளே ரப்பர் பையும் காற்றும் வைத்த சின்ன டேங்க், முக்கால் லிட்டர் அளவில்கூடக் கிடைக்கிறது. பம்புக்கு அடுத்து, தண்ணீர் வெளியேறும் பக்கம் மாட்ட வேண்டும். துடிப்பை அது வாங்கிக்கொள்ளும், கை கழுவும் அளவுத் தண்ணீருக்குப் பம்பைக் கூப்பிடாமலே கொடுக்கும். ராத்திரி உங்களுக்கு உதவும்தான். உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் தொடங்கும் அழுத்தத்தை ஒட்டி, அல்லது அதற்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். பைப்பில் தண்ணீர் அழுத்தம் இல்லாதபோது சைக்கிள் பம்பாலேயே அடிக்கலாம். ஆனால் கசிவையும் காற்றையும் சரிசெய்யாமல் இதை மாட்டாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை உறுமுவது ஒரு மணிக்கு ஒருமுறையாகும், கசிவு அப்படியே இருக்கும். வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் பம்புகளுக்கு இது தேவையில்லை.

மின்சாரமும் ஒரு காரணமாகலாம், ஆனால் உங்கள் கதையில் அந்த வாசனை அடிக்கவில்லை. வோல்டேஜ் குறைந்தால் பம்ப் கத்தாது, மெதுவாக முனகும், தண்ணீரும் குறையும். சந்தேகம் இருந்தால் பம்ப் ஓடும்போது அதன் வயரிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். 12க்கு நன்றாகக் கீழே இறங்கினால் பேட்டரியையோ இணைப்பையோ கவனிக்க வேண்டும்.

பம்பை மாற்றியே ஆக வேண்டிய நிலையும் உண்டு. மோட்டாருக்கும் தலைக்கும் நடுவிலிருந்து தண்ணீர் கசிந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஹோஸ்களைக் கழற்றிவிட்டு, கையில் பிடித்துச் சில விநாடி வெறுமனே ஓட்டினாலும் உள்ளே கரகரவென்று அரைத்தால் பேரிங் போயிருக்கிறது. அப்போது மெக்கானிக் சொன்னதைச் செய்யுங்கள். வாங்கும்போது, பெரியதாக வாங்குவோம் என்று மட்டும் போகாதீர்கள். உங்கள் வண்டியில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3 கேலன், அதாவது 11 லிட்டருக்கு மேல் தள்ளும் பம்ப் இருக்கும். சமையல் குழாயைச் சின்னதாகத் திறக்கும்போது பெரிய பம்ப் சட்டென்று அழுத்தத்தை ஏற்றி நிற்கும், உடனே மறுபடி கிளம்பும். டக் டக் என்று அதுவும் ஒரு தொல்லை.

ஒன்டாரியோ பூங்காக்களில் மின்சாரத் தளம் எடுத்தாலும் தளத்துக்கென்று தனித் தண்ணீர் இணைப்பு பெரும்பாலும் இருக்காது. ஆகவே கோடை முழுவதும் உங்களுக்குப் பம்ப்தான் கதி. அடுத்த பயணத்துக்கு முன் வீட்டு வாசலிலேயே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து இதை முடித்துவிடுங்கள். மே கடைசியில் ஆல்கான்குவினில் கருப்பு ஈக்களுக்கு நடுவே பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது.

அக்டோபரில், தேங்க்ஸ்கிவிங் முடிந்து வண்டியை மூடும்போது, டேங்க், ஹீட்டர் எல்லாம் வடித்த பிறகு ஹீட்டருக்குள் போகாமல் சுற்றி அனுப்பும் பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டு, பிங்க் ஆன்டிஃப்ரீஸைப் பம்ப் வழியாகவே இழுத்து ஒவ்வொரு குழாயிலும் நிறம் தெரியும் வரை ஓட்டுங்கள். வெளி ஷவரையும் டாய்லெட்டையும் விட்டுவிட வேண்டாம். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவது விஷம், அது இந்தப் பைப்புகள் பக்கமே வரக்கூடாது. கடைசியில் வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றி, துடைத்து, ரப்பர் வளையத்தோடு ஒரு பையில் போட்டு வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். குமிழ்ச் சோதனையில் என்ன தெரிந்தது என்பதையும், பம்பின் மேல் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் எழுதி அனுப்பினால், தலைப்பகுதி தனியாகக் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.